அம்மாவைக் குளவி கொட்டினால்

அன்புள்ள தம்பிக்கு,

குளவி கொட்டி அம்மாவின் உதடு வீங்கியபோது பயந்துவிட்டாயாம். இனி கொட்டினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். இந்த வயதில் நீ அதைக் கேட்டது எனக்குப் பெருமை.

உங்கள் சிடாம் கிரித் தோட்டப் பக்கம் செம்பனை மட்டைக்குள் கூடு கட்டும் கருங்குளவியைப் பார்த்திருப்பாய். வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டை. அது கையில் கொட்டி, முழங்கை வரை வீங்கினாலும் சில நாளில் வடிந்துவிடும். நீ கவனிக்க வேண்டியது கொட்டாத இடத்தை. வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு, உதட்டிலோ நாக்கிலோ வீக்கம், குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, வாந்தி, தலைசுற்றல் வந்தால் அது அனாபிலாக்சிஸ் என்ற, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம். (ஒரே நேரத்தில் பல குளவிகள் கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவரும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.)

1902இல் அனாபிலாக்சிஸ் என்று பெயரிட்டவர்களில் ஒருவர் ஷார்ல் ரிஷே என்ற பிரெஞ்சு அறிஞர். கடல் அனிமோன் நஞ்சை முதல்முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்து மறுபடி கொடுத்த சிறு அளவிலேயே இறந்துபோனது. அந்த ஆராய்ச்சிக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால், "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று யார் சொன்னாலும் கேட்காதே.

தோட்டத்தில் உடனே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள். தயவுசெய்து விடாதே. இரத்தக் குழாய்கள் தளர்ந்து, இரத்த அழுத்தம் சரிந்திருக்கும் நேரம் அது. எழுந்து நின்றால் இரத்தம் காலில் தேங்கி, இதயத்துக்குத் திரும்பாமல் போகும். அந்த நொடியில் உயிர் போனவர்கள் உண்டு. அம்மாவைப் படுக்க வைத்துக் காலை உயர்த்து. மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்கார வை. கழிப்பறைக்குக்கூட நடக்க விடாதே.

உயிரைக் காப்பது அட்ரினலின் மட்டும்தான். அரிப்பு மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும். சுண்ணாம்பும் தைலமும் இதற்கு உதவாது. டாக்டர் அட்ரினலின் ஊசிப் பேனா கொடுத்திருந்தால் கைலிக்கு மேலேயே, தொடையின் வெளிப்பக்கம் நடுவில் அழுத்திப் பிடி. உடனே அவசர எண் 999ஐக் கூப்பிடு. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால், இன்னொரு பேனா இருந்தால் அதையும் போடு. தேறினாலும் ஆஸ்பத்திரி கட்டாயம். சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்.

பேனா இல்லையென்றால், அதைக் கேட்கவே அம்மாவை இந்த வாரம் டாக்டரிடம் கூட்டிப் போகும்படி அப்பாவிடம் சொல்லு. மூன்று முதல் ஐந்து ஆண்டு, நஞ்சையே சிறிது சிறிதாக ஏற்றி உடலைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அம்மாவுக்கு அது சரிவருமா என்றும் விசாரிக்கட்டும்.

வீட்டருகே கூடு இருந்தால் அப்பா தீ வைக்க வேண்டாம். பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிடுங்கள். 999இல் மலாய் மொழியில் பேச வேண்டிவரலாம். வீட்டு எண், தோட்டத்தின் பெயர், திரும்பும் முச்சந்தி எல்லாவற்றையும் எழுதிப் போன் பக்கத்தில் இன்றே ஒட்டிவிடு.

அன்புடன்,
பெரியம்மா