தாராவுக்குத் தீனி, நுளம்புக்குத் தடை

கடந்த மாரியில் தம்பி டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். அதன் பிறகு எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளக்காணியை மண் போட்டு நிரப்பக் கோரும் கடிதமொன்று தெருவில் கையெழுத்துக்காகச் சுற்றியது. மாரியில் தாராக்களும் கொக்குகளும் வந்திறங்கும் இடம் அது. வாப்பா பேனையை எடுத்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்க வாப்பா" என்றேன். சொல்லிவிட்டதால் காரணம் தேட வேண்டியதாயிற்று. அப்படித் தேடிப் படித்ததே இக்கட்டுரை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள மத்தியப் பள்ளத்தாக்கில் முன்னிருந்த ஈரநிலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் வயல்களாகவும் ஊர்களாகவும் மாறிவிட்டன. ஆனாலும் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பல இலட்சம் தாராக்கள் அங்கேதான் வருகின்றன. எஞ்சிய சிறு நிலத்தில் இத்தனைக்கும் தீனி வேண்டுமே! ஆகவே அங்குள்ளோர் குளங்களை வயல்போல நடத்துகிறார்கள். வசந்தத்தில் நீரை வடிப்பார்கள். ஈரச் சேற்றில் புல்பூண்டுகள் தாமாக முளைக்கும். கோடையில் ஓரிரு தடவை நீர் பாய்ச்சினால் அவை விதை கட்டும். இலையுதிர் காலத்தில் மீண்டும் நீரை நிறைத்தால் அந்த விதைகளே தாராக்களின் உணவு. நம் விவசாயிகள் வயலில் களையென்று பிடுங்கும் புல்லின் இனமொன்று அங்கே விரும்பி வளர்க்கப்படுகிறது என்பதை வாசித்துச் சிரித்தேன்.

சிக்கல், நீரை எப்போது நிறைப்பது என்பதில்தான். ஓகஸ்ட், செப்டெம்பர் வெயிலில் நிறைத்தால் முட்டை ஒரு வாரமளவில் நுளம்பாகிவிடும். ஒருவகை நுளம்பு நீர்மேல் முட்டையிடும். இன்னொன்று ஈர மண்ணில் இட்டுவைக்கும். நீர் வந்ததும் எல்லாம் ஒன்றாகப் பொரிக்கும். 2003 இல் மேற்கு நைல் வைரசு கலிபோர்னியாவை அடைந்தது. அதைப் பரப்புவதும் நுளம்பே. எனவே பறவைக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அயலவரிடம் சொல்ல முடியாது.

அதனால் குளிர் தொடங்கும் ஒக்டோபர்வரை காத்திருந்து நிறைக்கிறார்கள். மெதுவாக அல்ல, விரைவாக நிறைத்து, மட்டம் ஏறியிறங்காமல் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே அடர்ந்த செடிகளை வெட்டிவிடுவார்கள். குடம்பிகள் ஒளிய இடமிராது. கோடையில் பாய்ச்சும் நீரைச் சில நாட்களில் வடித்துவிடுவார்கள். ஆழமான வாய்க்கால்களில் குடம்பி தின்னும் மீன்கள் தங்கும். இவை போதாதபோது, குடம்பியைக் கொல்லும் ஒருவகைப் பற்றீரியாவைத் தூவுவார்கள். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் தாராக்கள் தின்னும் நீர்ப்பூச்சிகளும் செத்துப்போகும்.

ஆனால் ஊசிவால் தாராக்கள் ஓகஸ்டிலேயே வரத் தொடங்குகின்றன. (இந்த இனம் நம் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் குளிர்காலத்தில் வருவதுண்டு.) எல்லாக் குளத்தையும் தாமதித்தால் அவை பட்டினி. ஆகவே சில குளங்களை மட்டும் முன்கூட்டி நிறைத்து, அவற்றை அடிக்கடி பரிசோதிக்கிறார்கள்.

இதை வாப்பாவிடம் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: டெங்கு நுளம்பு சதுப்பில் பெருகுவதில்லை. டயர், சிரட்டை, பூச்சாடித் தட்டு, யோகட் கோப்பை ஆகியவற்றில் தேங்கும் நீரே அதற்குப் பிடிக்கும். பள்ளத்தை நிரப்ப வரும் குப்பையோடு அவையும் வந்து சேரும்.

"அப்ப ராவையில கடிக்கிறது எங்க இருந்து வருது?" என்று உம்மம்மா மடக்கினார். நியாயமான கேள்வி. அது வேறு இனம். அழுக்கு நீரில் பெருகுவது. தெருக்கான் அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது. எனவே பள்ளத்தில் நுளம்பே இல்லை என்று என்னால் வாதாட முடியவில்லை.

வாப்பா பழைய கடிதத்தில் கையெழுத்திடவில்லை. கானைத் திருப்பிவிடக் கேட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். இதுவரை பதினொரு கையெழுத்துகள் கிடைத்துள்ளன. முதலாவது உம்மம்மாவுடையது.