மூலம் என்று யார் பார்த்துச் சொன்னது?

மலத்தோடு ரத்தம் போனால் நம் ஊரில் அதற்கு உடனே கிடைக்கும் பெயர் மூலம். பஸ் ஸ்டாண்டுச் சுவரொட்டி முதல் மருந்துக்கடைக்காரர் வரை அதையே சொல்கிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. சிக்கலே அங்கேதான். அரிதாக வரும் ஆசனவாய்ப் புற்றும் ரத்தம், அரிப்பு, வலி, ஏதோ அடைத்திருக்கிற உணர்வு என்று மூலம்போலவே ஆரம்பிக்கிறது. நோயாளி சொல்வதைக் கேட்டு மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்மூலம் மெத்தென்று அமுங்கிவிடும், பல சமயம் விரலுக்குத் தட்டுப்படவே செய்யாது. புற்று கெட்டியாக, விளிம்பு தடித்து நிற்கும். கையோடு தொடையிடுக்கையும் தடவிப் பார்ப்பது நல்லது. காலில் புண் எதுவும் இல்லாமல் அரையில் நெறி கட்டியிருந்தால் அதை லேசாக விடக்கூடாது. ஆசனவாயின் கீழ்ப்பகுதி நிணநீர் அங்கேதான் வந்து சேர்கிறது.

கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அடுத்தது சதையில் துளி எடுத்து லேபில் பார்க்கும் பயாப்சி. புற்று என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த வகை என்றும் தெரிய வேண்டும். மலக்குடலில் வழக்கமாக வரும் அடினோகார்சினோமாவுக்கு அறுவை சிகிச்சையே பிரதானம். ஆசனவாயில் வரும் ஸ்குவாமஸ் புற்றில் சுமார் 90 சதவீதம் எச்பிவி கிருமியால் வருவது. அதன் கதை வேறு. 1974இல் டெட்ராய்ட் மருத்துவர் நார்மன் நைக்ரோ அறுவைக்கு முன்பே கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துப் பார்த்தார். பிறகு வெட்டி எடுத்த திசுவில் புற்றையே காணவில்லை. அதனால்தான் இன்று பலர் அறுவையே இல்லாமல், வயிற்றில் மலப்பை மாட்டாமலே குணமாகிறார்கள். மெலனோமா எனும் நிறமிப் புற்று என்றால் இந்தக் கீமோ-கதிர்வீச்சு வழி பொருந்தாது. அது ரத்தம் உறைந்த மூலம்போலக் கறுத்திருக்கும், சிலருக்கு நிறமே இருக்காது. எஸ்-100, மெலன்-ஏ போன்ற சாயச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். மூலம் என்று அறுத்த சதையையும் லேபுக்கு அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

மூலத்துக்கெல்லாம் பயாப்சியா என்று கேட்கலாம். எல்லோருக்கும் வேண்டியது விரல் பரிசோதனைதான், அதற்கு ஆகும் செலவு ஒரு ஜோடி கையுறை. மூலம் இருப்பது கண்ணுக்கே தெரிகிறதே என்றால், மூலமும் புற்றும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம். வைத்தியம் பார்த்தும் ரத்தம் நிற்காவிட்டால் கொலோனோஸ்கோப்பி வேண்டும். கத்தி பட்டால் பரவிவிடும் என்கிற பயத்துக்கு இங்கே இடமில்லை. பயாப்சி இல்லாமல் எந்தச் சிகிச்சையைத் தொடங்குவது? கூச்சம்தான் நிஜமான தடை. பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம், துணைக்கு ஒருவரை அறையில் வைத்துக்கொள்ளலாம். லேபுக்குப் போகும் சீட்டில் வெறுமனே ‘மூலம்?’ என்று இருந்தால், கட்டி ஆசனவாய் விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்பதையும் எழுதித்தரச் சொல்லுங்கள்.