ஒரே ஆங்கிலம், பல அர்த்தம்: புனே அலுவலக மெயிலுக்கு 10 குறிப்புகள்

ஹிஞ்சவடி, கராடி, சாக்கன் என்று புனேயில் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும், நீங்கள் அனுப்பும் மெயிலை மராத்திக்காரர், அமெரிக்கர், லண்டன்காரர், ஜெர்மானியர் எல்லாருமே படிக்கக்கூடும். ‘அனுப்பு’ பொத்தானைத் தட்டுமுன் இவற்றைப் பாருங்கள்.

1. ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்றால் நமக்கும் சிங்கப்பூர்காரருக்கும் ‘பதில் போடுங்கள்’. அமெரிக்கருக்கோ ‘பழையபடி மாற்று’. புரோகிராமர்களின் ‘கிட்’ மென்பொருளிலும் ‘ரிவர்ட்’ என்பது செய்த மாற்றத்தை நீக்கும் கட்டளை. வம்பு வேண்டாம், ‘ரிப்ளை’ என்றே எழுதுங்கள்.

2. ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டாலும், அமெரிக்கர் பலருக்குப் புரியாது. பழைய நேரம், புது நேரம் இரண்டையும் போடுங்கள்: ‘4 மணி மீட்டிங் இனி 2 மணிக்கு’.

3. ‘டூ தி நீட்ஃபுல்’ பிரிட்டிஷார் விட்டுச்சென்ற சொல். அவர்கள் ஊரிலேயே இப்போது அரிது. நம்மூர் ‘ஆவன செய்யவும்’ மாதிரி, யார், எதை, எப்போது என்று எதையும் சொல்லாது. அந்த மூன்றையும் எழுதிவிட்டால் அது தேவைப்படாது.

4. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் அமெரிக்கர் ‘இவருக்கு என் வேலையில் நம்பிக்கையில்லை’ என்று நினைக்கலாம். ‘க்வெஸ்ச்சன்’ போதும்.

5. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வோம் என்றால் லண்டனில் ‘எடுத்துப் பேசுவோம்’, அமெரிக்காவில் ‘தள்ளிவைப்போம்’. வந்த மெயிலில் இந்தச் சொல் இருந்தால், அனுப்பியவர் எந்த நாட்டுக்காரர் என்று முதலில் பாருங்கள்.

6. ஜெர்மானியர் ‘அண்டில் ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத்தரக் கேட்பதாக இருக்கலாம். ‘வரை’, ‘குள்’ இரண்டுக்கும் அவர் மொழியில் ‘பிஸ்’ என்ற ஒரே சொல்தான். அவருடைய ‘ஈவென்சுவலி’யும் ‘கடைசியில்’ என்பதாக இல்லாமல் ‘ஒருவேளை’யாக இருக்கலாம். தேதியைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

7. லட்சம், கோடி கடல் தாண்டாது. 10 லட்சம் 1 மில்லியன், 1 கோடி 10 மில்லியன். ஆங்கிலத்தில் பில்லியன் 100 கோடி. ஜெர்மனில் அதே சொல் 1 லட்சம் கோடி. ஜெர்மானியர் 1.500 என்று போட்டால் ஒன்றரை அல்ல, ஆயிரத்து ஐந்நூறு. தசமத்துக்கு அங்கே காற்புள்ளி.

8. 03/04 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ‘ஹாஃப் நைன்’ என்றால் பிரிட்டிஷாருக்கு ஒன்பதரை. ஜெர்மன் பேச்சில் அதே வடிவம் எட்டரை. ‘ஈஓடி’ என்றால் யாருடைய நாள் முடிவு? ‘இந்திய நேரம் மாலை 6 மணி’ என்று போடுங்கள். ஜெர்மனி நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும்.

9. மராத்தியில் ‘பர்வா’ முந்தாநாளும் ஆகும், நாளைமறுநாளும் ஆகும். டீ குடிக்கும்போது ‘பர்வா’ என்று பேசி முடித்ததை, தேதி போட்டு ஒரு வரி மெயிலாக்கிவிடுங்கள். ‘டுடே ஒன்லி’யிலும் கவனம். நம் ‘இன்னைக்கே’, அவர்கள் ‘ஆஜச்’ இரண்டுமே ஆங்கிலத்தில் அப்படித்தான் வந்து விழும். நாமும் மராத்திக்காரரும் புரிந்துகொள்வோம். வெளிநாட்டவர் ‘இன்று மட்டும்தான்’ என்று படிப்பார்.

10. ‘பாஸ்ட் அவுட் இன் 2019’ என்றால் அமெரிக்கருக்கு நீங்கள் அந்த வருடம் மயங்கி விழுந்ததாகப் பொருள். ‘க்ராஜுவேட்டட்’ என்று எழுதுங்கள். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றாலும் முழிப்பார். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, திரும்பும் தேதியும் அதுவரை வேலையைப் பார்ப்பவர் பெயரும் மெயிலில் இருக்கட்டும்.