ஹோலில டிவி சுத்துது, கராஜில ஃபைபர் சும்மா கிடக்குது



இந்த வார எபிசோடில வீட்டு வைஃபை பற்றிக் கதைச்சோம். எண்களும் வயர்களும் காதால கேட்டால் மனதில நிற்காது. அதனால அந்தப் பகுதியை மட்டும் இங்கே விரிவா எழுதுறேன். மனுகாவைச் சுற்றி இருக்கிற எங்கட வீடுகளை நினைச்சுத்தான் எழுதுறேன்: மாங்கரே, ஓட்டாரா பக்கத்துப் பழைய மரவீடுகள், பாப்பாடோய்டோய் செங்கல் வீடுகள், ஃபிளாட் புஷ் பக்கம் புதுசா வந்த மாடிவீடுகள்.

பிரச்சினை எல்லா வீட்டிலயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊரில இரவு 9 மணிக்குப் போற சீரியல் எங்களுக்கு விடிய 3.30, கோடை காலத்தில 4.30. அதனால அம்மம்மா அதை அடுத்த நாள் பின்னேரம், சாப்பாடு முடிஞ்ச பிறகு பார்ப்பா. அதே நேரம் தம்பி கேம், அக்கா வீடியோ கோல், அம்மா போனில யூடியூப். டிவியில அந்த வட்டம் சுத்தத் தொடங்கும். அப்பா உடனே இன்டர்நெட் கொம்பனிக்கு அடிப்பார். மற்றப் பக்கத்தில இருக்கிற ஆள் நல்ல மரியாதையாக் கதைச்சு, இதைவிடப் பெரிய பிளான் ஒன்றை வித்துவிடுவார். மாதம் 20 டொலர் கூடினால் வருசத்துக்கு 240 டொலர். வட்டம் அடுத்த கிழமையும் சுத்தும்.

அந்தக் கோலை அப்பா எடுக்க முதல் நீங்கள் செய்யவேண்டியது இதுதான்.

முதல்ல வீதியில என்ன இருக்கு என்று பார்ப்போம். ஓக்லாந்தில ஃபைபர் கோரஸ் நிறுவனத்தினுடையது. நாங்கள் மாதக்காசு கட்டுற கொம்பனிகள் அதை வாங்கி எங்களுக்கு விக்கிறவை. அரசாங்கத்தின் அதிவேக ஃபைபர் திட்டம் 2022 டிசம்பரில முடிஞ்சது. நாட்டு மக்களில 87 வீதம் பேருக்கு ஃபைபர் எட்டக்கூடிய நிலை வந்தது. சாதாரண வீட்டு பிளானை கோரஸ் 2021 கடைசியில 100 எம்பிபிஎஸில இருந்து 300 ஆக்கினது. 2025 ஜூனில அந்த 300ஐ 500 ஆக்கினது. நீங்கள் ஒன்றும் செய்யாமலே குழாய் இரண்டு தரம் பெருத்திருக்கு.

டிவிக்கு எவ்வளவு வேணும்? நெட்ஃபிளிக்ஸ் சொல்ற கணக்குப்படி முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. மூன்று டிவியில ஒரே நேரம் 4கே ஓடினாலும் 45தான். 500இல பத்தில ஒரு பங்கும் வராது. ஆகவே ஃபைபர் வீட்டில டிவி நின்றால், பெரும்பாலும் பிளான் குற்றவாளி இல்லை. சுவரில இருக்கிற வெள்ளைப் பெட்டியில இருந்து டிவி வரைக்கும் உள்ள பத்து மீற்றரிலதான் ஏதோ நடக்குது.

ஆனா சந்தேகம் போதாது, அளக்கவேணும். மூன்று எண் எடுங்கோ. மூன்றையும் பின்னேரம் 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில, எல்லாரும் வீட்டில இருக்கும்போது எடுங்கோ. விடிய எடுத்தால் எல்லாம் வடிவாத்தான் காட்டும்.

முதல் எண்: லப்டொப்பை வயரால நேரா ரவுட்டரில குத்தி, ஃபாஸ்ட் டொட் கொம் போன்ற ஒரு சோதனைப் பக்கத்தில பாருங்கோ. அது நெட்ஃபிளிக்ஸ் நடத்துறது, இந்த வேலைக்குப் பொருத்தம். இரண்டாவது: அதே லப்டொப், ரவுட்டருக்கு இரண்டு மீற்றர் தூரத்தில, வைஃபையில. மூன்றாவது: டிவிக்குப் பக்கத்தில நின்று, வைஃபையில. டிவியிலயே பிரௌசர் இருந்தால் அதிலயும் ஒருக்கா பாருங்கோ, ஏனென்றால் டிவிக்குள்ள இருக்கிற வைஃபை ரேடியோ பல நேரம் போனில இருக்கிறதை விட மோசம்.

முதல் எண்ணே பிளானுக்குக் கிட்டவும் வரவில்லை என்றால், இப்ப கொம்பனிக்கு அடிக்கலாம். கையில ஆதாரம் இருக்கு. ஒரு சின்னத் துப்பு: முதல் எண் சரியா 94 மாதிரி வந்து அங்கேயே நின்றால், அது ஃபைபர் இல்லை. உங்கட வயரோ லப்டொப் போர்ட்டோ 100இல மாட்டி நிற்குது. வயரை மாத்திப் பாருங்கோ.

முதல் இரண்டும் நல்லா இருந்து மூன்றாவது விழுந்தால், அது வைஃபை. எங்கட ஆக்களின்ட வீடுகளில நான் பார்த்தது கூடுதலாக இதுதான்.

மூன்றும் நல்லா இருந்தும் டிவி நின்றால்? அப்ப பிழை வீட்டுக்கு வெளியே, அல்லது டிவியிலயே. 2019 செப்டம்பர் 21 உங்களில சிலருக்கு ஞாபகம் இருக்கும். ரக்பி உலகக் கிண்ணம், யோக்கோஹாமாவில ஓல் பிளாக்ஸ் எதிர் தென்னாபிரிக்கா. ஸ்பார்க் ஸ்போர்ட் அதை இணையத்தில ஒளிபரப்பினது. பலருக்குப் படம் மங்கி, நின்று நின்று வந்தது. கடைசியில இரண்டாம் பாதியை டிவிஎன்இசட் ட்யூக் சானலிலயும் போட்டுவிட்டார்கள். பிரச்சினை இருந்தது ஒளிபரப்பை அனுப்புற பக்கத்தில. அன்று வீட்டில ரவுட்டரை எத்தனை தரம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் ஒன்றும் நடந்திருக்காது.

இதோடு சேர்த்து ஒன்று. சீரியல் ஒழுங்கா ஓடுது, கிரிக்கெட் மட்டும் நிற்குது என்று அப்பா சொன்னால் அவர் சும்மா சொல்லவில்லை. பதிவு செய்த படத்தை டிவி முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைச்சிருக்கும். வைஃபை பத்து செக்கன் தடுமாறினாலும் கையிருப்பில இருந்து காட்டும். நேரலையில அந்தக் கையிருப்பு மிகக் குறைவு, இன்னும் நடக்காததை இறக்கி வைக்க முடியாதே. ஆகவே வைஃபை பலவீனத்தை முதலில காட்டிக்கொடுக்கிறது மேட்ச்தான்.

சரி, வைஃபை என்று தெரிஞ்சுபோச்சு. எது தடுக்குது?

மரச்சட்டமும் ஜிப் போர்டும் உள்ள சுவர்கள் சிக்னலை ஓரளவு விடும். செங்கல், கொங்கிரீட் புளொக் நல்லாத் தடுக்கும். தகரமும் அலுமினியத் தாளும் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும். தண்ணீர் உறிஞ்சும். இதில எங்கட நாட்டு வீடுகளில ஒரு தனி வில்லன் இருக்கு: நடைபாதை அலுமாரிக்குள்ள நிற்கிற சுடுதண்ணிச் சிலிண்டர். உலோகத் தாங்கி, உள்ளே 180 லீற்றர் அளவில தண்ணி. ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில அது நின்றால் கதை முடிஞ்சது. ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, பழைய செங்கல் புகைபோக்கி எல்லாம் அதின்ட தம்பிமார். ஒரு தாளில வீட்டைக் கீறி, ரவுட்டரில இருந்து டிவிக்கு ஒரு நேர்கோடு போடுங்கோ. கோடு எதை எல்லாம் வெட்டுது என்று பார்த்தால் பாதி விடை வந்துவிடும்.

சிக்னலை அளக்கிற அலகு டிபிஎம். அது கழித்தல் எண், பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரைக்கும் டிவிக்குத் தாங்கும். மைனஸ் 75க்குக் கீழே போனால் வட்டம் சுத்தும். பத்துப் புள்ளி இறங்கினால் சிக்னல் பத்தில ஒன்றாகுது, அதனால 60க்கும் 70க்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னதா நினைக்கவேண்டாம். மெக் கணினியில ஒப்ஷன் விசையை அமத்திக்கொண்டு வைஃபை அடையாளத்தைத் தட்டினால் இந்த எண் வரும். அண்ட்ரொய்டில இதுக்கு இலவச ஆப்கள் இருக்கு.

காசு செலவில்லாத திருத்தம்: ரவுட்டரை வெளியே எடுங்கோ. அலுமாரிக்குள்ள, டிவிக்குப் பின்னால, நிலத்தில வைக்கவேண்டாம். நெஞ்சளவு உயரம், திறந்த இடம், முடிந்தளவு வீட்டின் நடு. வடிவில்லை என்று அம்மா சொல்லுவா. மேல ஒரு பின்னல் துணியும் போடுவா. துணி சிக்னலைத் தடுக்காது, ஆனா பெட்டி சூடாகும். அதை மட்டும் எடுத்துவிடுங்கோ, மற்றதைப் பேசித் தீர்க்கலாம்.

பிறகு அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனா அதில ஒன்றோடொன்று முட்டாத சானல் மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்து யூனிட் வீடுகள், மைக்ரோவேவ், புளூடூத் எல்லாம் அங்கேதான் நெரிபடுது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா சுவருக்குப் பயம். டிவி ஹோலில, ரவுட்டர் ஒரு சுவர் தள்ளி என்றால் 5க்குத் தனிப்பெயர் வைத்து டிவியை அதில மட்டும் சேருங்கோ. இல்லையென்றால் சில டிவிகள் 2.4ஐப் பிடிச்சுக்கொண்டு விடாது.

இனி நான் உண்மையிலயே சொல்ல வந்த விஷயம். டிவி நடக்கிற சாமான் இல்லை. ஒரே இடத்தில பத்து வருசம் நிற்கும். நிற்கிற சாமானுக்கு வயர் குடுங்கோ. டிவி வயருக்குப் போனால் டிவியும் தப்பும், காற்றில இடம் காலியாகி அக்காவின் வீடியோ கோலும் தப்பும், ஏனென்றால் வைஃபை எல்லாரும் முறை வைத்துப் பேசுற ஒரே ஒரு பாதை. பல டிவிகளின் வயர் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அதைக் கண்டு வைஃபையில 200 காட்டுதே என்று குழம்பவேண்டாம். 4கேக்கு வேண்டியது 15, அது நிற்காமல் வந்தால் போதும்.

ஃபிளாட் புஷ் பக்கம் புது வீட்டில இருக்கிறீர்களா? இன்றைக்கே கராஜுக்குப் போய்ப் பாருங்கோ. கராஜிலயோ ஒரு அலுமாரியிலயோ சுவரில ஒரு உலோகப் பெட்டி இருக்கும். பல வீடுகளில ஃபைபர் வந்து இறங்குறது அங்கேதான், கட்டினவர்கள் ரவுட்டரையும் அதுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டிருப்பார்கள். இரும்புப் பெட்டிக்குள்ள வைஃபை! ஆனா அதே பெட்டிக்குள்ள நீல, வெள்ளை வயர்கள் சில சும்மா தொங்கும். அவை சுவருக்குள்ளால ஹோலுக்கும் அறைகளுக்கும் போற நெட்வேர்க் வயர்கள். ஹோலில டிவிக்குக் கீழே எட்டு முள் உள்ள சதுரத் துளை இருக்கா என்று பாருங்கோ. பழைய டெலிபோன் ஜாக் வேற, அதில இந்த வயர் ஏறாது. துளை இருந்தால் பெட்டியில அந்த ஹோல் வயரை ரவுட்டரின் லான் போர்ட்டில குத்துங்கோ. பெயர் எழுதவில்லை என்றால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்க்கிறதுதான். ரவுட்டரில விளக்கு எரிஞ்சால் அதுதான். வீட்டோடு சேர்த்து அப்பா காசு கட்டின வயர் அது, இத்தனை வருசமாச் சுவருக்குள்ள தூங்குது.

வயர் இழுக்கவே ஏலாத வீடு என்றால் மெஷ். மூன்று அறை வீட்டுக்கு இரண்டு பெட்டி போதும், மூன்று வாங்கவேண்டாம். இரண்டாவது பெட்டியை டிவி அறையில வைக்கவேண்டாம். சிக்னல் செத்த இடத்தில வைத்தால் அதுவும் செத்த சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும். பாதி வழியில வையுங்கோ. பழைய ரவுட்டரையும் வைச்சிருக்கிறதென்றால் மெஷ்ஷை அக்செஸ் பொயின்ட் நிலையில போடுங்கோ, இல்லையென்றால் இரண்டு ரவுட்டர் சண்டை பிடிக்கும். வைஃபை 7 என்று பெட்டியில எழுதியிருக்கிறதுக்குக் காசு கூடக் குடுக்கவேண்டாம். உங்கட டிவிக்கு அது என்னவென்றே தெரியாது.

பின்வளவு ஸ்லீப்அவுட்டில சித்தப்பாவோ தாத்தாவோ இருந்தால், அது வேற கணக்கு. தகரக் கராஜை மாத்திக் கட்டின அறை என்றால் எந்த மெஷ்ஷும் கஷ்டப்படும். வெளியே போடுற, வெயில் தாங்குற நெட்வேர்க் வயர் ஒன்று, மறுமுனையில சின்ன அக்செஸ் பொயின்ட் ஒன்று. 100 மீற்றர் வரைக்கும் வயர் தாங்கும், எங்கட வளவு அதில கால்வாசியும் வராது. கரண்ட் வயரோடு ஒட்டி மட்டும் இழுக்கவேண்டாம்.

வாடகை வீட்டில இருக்கிறவர்களுக்கு: 2021 பெப்ரவரி 11 முதல், வீட்டுக்காரருக்குச் செலவு வராது என்றால், பொதுவாக ஃபைபர் போட அவர் சம்மதிக்கவேணும். எழுத்தில கேளுங்கோ. வீட்டுக்குள்ள துளை போடாமல், தட்டையான நெட்வேர்க் வயரைச் சுவரடி மரப்பட்டி ஓரமா ஒட்டிக்கொண்டு போகலாம். போகும்போது கழட்டிக்கொண்டும் போகலாம்.

கடைசியா, இதை அப்பாவுக்கு எப்படி விளங்கப்படுத்துறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில லேட்டன்சி, பேண்ட்வித் என்று தொடங்கினால் அவர் போனைத் தூக்கிவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கோ: "அப்பா, கேட்டடியில தண்ணி நிறைய வருது. ஹோலுக்கு வாற ஹோஸ்தான் மடிஞ்சு கிடக்குது. இன்னும் தண்ணி வாங்கி என்ன செய்யிறது, முதல்ல ஹோஸை நிமித்துவம்."

மூன்று எண்ணையும் எடுத்தவர்கள், வீட்டு வகையையும் சேர்த்து இந்த மடலுக்கே பதிலா எழுதுங்கோ. சிலிண்டர் நடுவில நிற்கிற வீடுகளின் கீறல் படங்கள் வந்தால் அடுத்த எபிசோடில ஒன்றிரண்டை எடுத்துக் கதைப்போம்.