வரைந்தது யார், வாசித்தது யார்?

“நல்ல அனிமே ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்பவரிடம் நான் சட்டென்று பெயர் சொல்வதில்லை. “இதுவரைக்கும் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?” என்று திருப்பிக் கேட்பேன். அனிமேவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ராணி காமிக்ஸாக இருக்கலாம், இளையராஜா பாட்டாக இருக்கலாம், ஆடி மாதம் அம்மன் கோயிலில் கேட்ட பம்பையாக இருக்கலாம். பதில் வந்ததும் அதைச் செய்த கை யாருடையது என்று பார்ப்பேன். அந்தக் கை வேறு எதில் பட்டிருக்கிறது, யாரோடு சேர்ந்து வேலை பார்த்தது என்று தேடினால், அடுத்துக் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

சண்டைப் படம் பார்த்தவருக்கு இன்னொரு சண்டைப் படத்தை நீட்ட செல்போனே போதும். அதற்கு இன்னொரு மனிதர் எதற்கு?

எனக்கு வேலை திருமுடிவாக்கம் சிட்கோவில், வீடு குன்றத்தூர் மலையடிவாரம். அறுபத்து மூன்று நாயன்மார்களை ஆள் ஆளாகப் பிடித்துக் கதை சொன்ன சேக்கிழார் பிறந்த ஊர் இது. ஆளைப் பிடித்துக் கதைக்குள் போகும் பழக்கம் மண்வாகு போலிருக்கிறது.

இந்த முறை நன்றாக வேலை செய்த இடம் என் அக்கா மகன். கல்லூரியில் படிக்கிறான், அனிமே தவிர எதையும் தொட மாட்டான். என் அலமாரியில் இருக்கும் லயன், முத்து காமிக்ஸ் எல்லாம் அவன் கணக்கில் ‘தாத்தா ஐட்டம்’. அவனிடம் கேப்டன் டைகரின் வீர சாகசங்களைச் சொல்லிப் பயனில்லை. மூக்குடைந்து, தாடி மழிக்காமல், மேலதிகாரியை மதிக்காமல் திரியும் ஒரு குதிரைப்படை ஆள் அவனுக்கு எதற்கு? அதனால் வேறு பக்கமாக ஆரம்பித்தேன்.

“இந்த டைகரை வரைஞ்ச ஆளு தன் பொண்ணுக்கு என்ன பேரு வச்சார் தெரியுமா? நௌசிகா.”

“எந்த நௌசிகா? மியாசாகியோடதா?”

“அதே நௌசிகாதான்.”

“சும்மா சொல்லாத மாமா.”

சும்மா இல்லை. டைகருக்குப் பிரெஞ்சு மூலத்தில் புளூபெர்ரி என்று பெயர். 1963-ல் ‘பிலோத்’ வார இதழில் தொடங்கிய தொடர். எழுதியவர் ழான் மிஷேல் ஷார்லியே, வரைந்தவர் ழான் ஜிரோ. இதே ஜிரோதான் மோபியஸ் என்ற இன்னொரு பெயரில் கனவு போன்ற அறிவியல் புனைவுகளை வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படைப்புகளின் பாதிப்பில்தான் ‘நௌசிகா’ அனிமேவை எடுத்ததாக அதன் இயக்குநர் மியாசாகியே சொல்லியிருக்கிறார். 2004-ன் கடைசியில் பாரிஸ் நாணயச்சாலையில் இருவரின் ஓவியங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள்.

பையன் ‘தங்கக் கல்லறை’யைக் கையில் எடுத்தான். காணாமல்போன தங்கச் சுரங்கம், தங்கத் தோட்டாவால் சுடும் ஒரு பேய், அரிசோனா மலைகள். கதையைப் படிக்காமல் பக்கங்களைத்தான் புரட்டினான். ஒரு கட்டத்தில் பாறைகள் வானம்வரை எழுந்து நிற்கும், அடியில் கட்டெறும்பு அளவுக்கு ஒரு குதிரை போகும். அங்கே நின்றுவிட்டான். “இந்த மாதிரி காலி இடம் விட்டு வரையறது மியாசாகிகிட்ட பார்த்திருக்கேன்” என்றான். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனான். நானாகக் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இதே சங்கிலியை இன்னும் இழுக்கலாம். 1982-ல் டிஸ்னி எடுத்த ‘டிரான்’ படத்துக்கு உடை, அரங்க வடிவமைப்பில் மோபியஸ் வேலை செய்தார். அந்தப் படத்துக்கு இசை வெண்டி கார்லோஸ். 1968-ல் மூக் சிந்தசைசரை வைத்தே பாஹ் இசையை வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டு, சிந்தசைசர் ஏதோ ஆய்வகக் கருவி என்று நினைத்தவர்களை வாயடைக்கச் செய்தவர். 2010-ல் ‘டிரான்’ தொடர்ச்சி வந்தபோது இசையமைத்தவர்கள் டாஃப்ட் பங்க். அவர்கள் ‘டிஸ்கவரி’ ஆல்பம் முழுவதையும் ஜப்பானின் டோயே நிறுவனத்தோடு சேர்ந்து அனிமே படமாகவே எடுத்தார்கள். 2003-ல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லா 5555’. மேற்பார்வை லெய்ஜி மட்சுமோட்டோ, ‘கேப்டன் ஹார்லாக்’ வரைந்தவர். வேற்றுக்கிரகத்து நீல நிற இசைக்குழுவைக் கடத்தி வந்து பூமியில் பாடவைக்கிறான் ஒருவன். படத்தில் வசனம் கிடையாது. சப்டைட்டில் படித்தால் தலைவலிக்கிறது என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். டைகரில் ஏறியவன் அனிமேவில் இறங்கி, போகும் வழியில் எலெக்ட்ரானிக் இசையையும் பார்த்துவிட்டான்.

டாஃப்ட் பங்க் ஊரறிந்த பெயர், அதெல்லாம் அண்டர்கிரவுண்டா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சரி, படிக்கட்டு இறங்குவோம். காமிக்ஸ் படிப்பவருக்கு டெட்ராய்ட் நகரத்து எலெக்ட்ரானிக் இசையான டெக்னோவில் நுழைய நல்ல வாசல் டிரெக்சியா. ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்ட் டொனால்ட் என்ற இருவர். முகத்தைக் காட்டாமல், இசையோடு ஒரு புராணத்தையும் கட்டினார்கள். அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிகளின் குழந்தைகள் நீருக்குள்ளேயே மூச்சுவிடக் கற்று, கடலடியில் ஒரு நாடு அமைத்தார்கள் என்பது அந்தக் கதை. குமரிக்கண்டம் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒட்டாமல் போகுமா? டெட்ராய்ட் இசைத்தட்டுகளுக்கு அட்டை வரைந்த அப்துல் காதிம் ஹக் பின்னாளில் இந்தப் புராணத்தைக் கிராபிக் நாவலாகவே கொண்டுவந்தார். முதலில் கதையைச் சொல்லுங்கள், பாட்டை அப்புறம் போடுங்கள். வாய்ப்பாட்டு இல்லாத இசைக்குப் பழகாதவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும்.

போடும்போது செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள். டெக்னோவின் உயிர் அடியில் ஓடும் பேஸிலும் கிக் டிரம்மிலும் இருக்கிறது. அது ஐம்பது, அறுபது ஹெர்ட்ஸ் பக்கம் உருளும் சத்தம். செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. மேலே இருக்கும் ‘டிக் டிக்’ மட்டும் வெளியே வரும், கேட்பவர் “என்னய்யா இது, மிஷின் சத்தம்” என்பார். அவர் கேட்டது நிஜமாகவே மிஷின் சத்தம்தான். சாதாரண வயர் இயர்போன் போதும். அதை நீங்களே கையில் எடுத்துப் போங்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீணை டீச்சர் இருக்கிறார். “எலெக்ட்ரானிக் எல்லாம் நமக்கு ஆகாது தம்பி” என்று முதலிலேயே கதவைச் சாத்தியவர். ராஜா ரசிகர். ‘புன்னகை மன்னன்’ தீம் மியூசிக் பிடிக்குமா என்று கேட்டேன். பிடிக்காமலா? 1986-ல் சிந்தசைசரையும் கம்ப்யூட்டரையும் வைத்து ராஜா செய்தது அது. அப்படியென்றால் டீச்சர் பல வருஷமாக எலெக்ட்ரானிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அங்கிருந்து சரண்ஜித் சிங்குக்கு ஒரு எட்டு. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஓடவிட்டு ஒரு ஆல்பம் செய்தார். அப்போது அதைச் சீந்துவாரில்லை. அந்தக் கருவிகளில் ஒன்றான டிபி-303, பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிதார்காரர்கள் பயிற்சி எடுப்பதற்காக வந்தது. விற்காமல் போய் நிறுத்தியே விட்டார்கள். பழைய சாமான் கடைகளில் அதை மலிவாக வாங்கிய சிகாகோ பையன்கள் திருகித் திருகி உண்டாக்கியதுதான் ஆசிட் ஹவுஸ். அதன் முதல் அடையாளமாகச் சொல்லப்படும் ‘ஆசிட் டிராக்ஸ்’ வந்தது 1987-ல். 2010-ல் சரண்ஜித்தின் ஆல்பம் மறுபதிப்பாக வந்தபோது, அதே ஒலி ஐந்து வருஷம் முன்பே பம்பாயில் பதிவாகியிருப்பதைக் கேட்டு வெளிநாட்டுக்காரர்கள் அசந்துபோனார்கள்.

இந்த வரலாற்றையெல்லாம் டீச்சரிடம் நான் சொல்லவில்லை. மால்கௌன்ஸ் ராகத்தைப் போட்டேன், நம் இந்தோளம். கண்ணை மூடிக் கேட்டவர் விரலால் ஸ்வரம் பிடித்தார். “இந்தோளம்தான். ஆனா வாசிக்கிறவனுக்கு மூச்சே வாங்கலியே” என்றார். ஆசிட் ஹவுஸ் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. அடுத்து பூபாலியை, அதாவது மோகனத்தை, அவரே கேட்டு வாங்கினார்.

சரண்ஜித்துக்கும் முன்பே, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் வைத்து ஒரு ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். அங்கே கீதா சாராபாய் போன்றவர்கள் செய்த பதிவுகள் 2023-ல் வெளியாகியிருக்கின்றன. அருமையான சரக்கு, ஆனால் முதல் நாளே யாருக்கும் கொடுக்காதீர்கள். பாதிப் பேர் ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

தாளம் பிடித்தவர்களுக்கு எம்.ஐ.ஏ. மாயா அருள்பிரகாசம், லண்டன் ஈழத்தமிழ்ப் பெண். 2007-ல் வந்த ‘காலா’ அவர் அம்மா பெயரில் வந்த ஆல்பம். அதில் ‘பேர்ட் ஃப்ளூ’வைப் போட்டால் உறுமி அதிரும், நம் திருவிழா உறுமியேதான். முதல் பாட்டில் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ ஒளிந்திருக்கிறது, எங்கே என்று கேட்பவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு அனிமே காட்ட வேண்டுமா? யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து ஜப்பானில் எடுத்த ராமாயணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் வந்தது, இசை வனராஜ் பாட்டியா. 2025 ஜனவரியில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. தமிழ் டப்பிங்கைக் கேவலமாகப் பேசும் அனிமே ரசிகர்கள் பலரும் சிறுவயதில் டோரேமானைத் தமிழில் பார்த்தவர்கள்தான். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் தமிழைப் போடுங்கள், ஜப்பானிய மொழிப் பெருமையை இயர்போனோடு தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஆளைப் பார்த்துக் கொடுப்பது போலவே நேரம் பார்த்துக் கொடுப்பதும் முக்கியம். கிப்ளி ஸ்டுடியோவின் ‘டோடோரோ’வும் ‘மின்மினிகளின் கல்லறை’யும் 1988 ஏப்ரலில் ஒரே டிக்கெட்டில் இரட்டைப் படமாக வெளியானவை. ஒன்று குழந்தைகளும் காட்டுத் தெய்வமும், மற்றொன்று போரில் பசியால் சாகும் அண்ணன் தங்கை. பார்த்தவர்கள் எந்த வரிசையில் பார்த்தார்களோ, அதற்கேற்ற முகத்தோடுதான் வீடு திரும்பியிருப்பார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இரண்டாவதை நான் சொல்லவே மாட்டேன். நீளத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘கௌபாய் பீபாப்’ இருபத்தாறு அத்தியாயம்தான் என்றால் ஆள் துணிந்து இறங்குவார். ஆயிரம் அத்தியாயம் தாண்டிய ‘ஒன் பீஸ்’ஸை வேலைக்குப் போகிறவரிடம் சொல்வதற்குப் பேசாமல் இருக்கலாம்.

பழைய காமிக்ஸுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையை விட்டால் நம் பக்கம் வேறு இடமில்லை. பழைய மிக்ஸி, ஆம்ப்ளிஃபயர், மீன்தொட்டிக்கு நடுவே சாக்குப்பை விரித்து அடுக்கியிருப்பார்கள். அட்டையைப் பார்த்து மயங்காமல் நடுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். துருப்பிடித்த பின் தாளை அரித்து நாலு பக்கம் தனியே கழன்றிருக்கும். கடைசித் தாளையும் பாருங்கள், கொலையாளி யார் என்பது அதில்தான் இருக்கும். லயன், முத்துவின் புதிய இதழ்களுக்குச் சிவகாசிக்குச் சந்தா கட்டலாம், ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் நேரிலும் வாங்கலாம். 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்துவும், 1984-ல் தொடங்கிய லயனும் இன்னும் வருவது சந்தாக்காரர்கள் தயவில். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு ‘தமிழ் காமிக்ஸ் வாழ்க’ என்பவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குக் காமிக் கான் வந்தபோது அக்கா மகன்தான் என்னைக் கூட்டிப்போனான். வேஷம் கட்டியவர்களோடு போட்டோ எடுக்கும் கூட்டத்தை விட்டுவிட்டு, சொந்தமாக வரைந்து விற்கும் பிள்ளைகளின் மேஜைகளுக்கு முதலில் போவது நல்லது. வரைந்த கையை அங்கே நேரிலேயே பார்க்கலாம்.

தேரடி டீக்கடை அண்ணன் டெக்ஸ் வில்லர் வெறியர். 1948-ல் இத்தாலியில் பிறந்த அந்தக் குதிரைவீரனைத் தவிர உலகில் காமிக்ஸே இல்லை என்பார். அவருக்கு இப்போது ‘கோல்டன் காமுய்’ யோசித்து வைத்திருக்கிறேன். சதோரு நோடா வரைந்த மங்கா. ரஷ்யாவோடு நடந்த போர் முடிந்த ஹொக்கைடோ, பனி, புதைத்து வைத்த தங்கம், கைதிகளின் உடம்பில் பச்சை குத்திய வரைபடத் துண்டுகள். ரத்தம் கொஞ்சம் அதிகம், ஆனால் அண்ணன் அதற்கெல்லாம் அசர மாட்டார். கதையைச் சொல்லி முடித்ததும் வடிகட்டியை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்.

“தமிழ்ல இருக்கா?”

“இல்லண்ணே, இங்கிலீஷ்தான்.”

“குதிரை இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப கொண்டா. பையனை விட்டுப் படிக்கச் சொல்லிக்கிறேன்.”