மாஸ்க்கைப் பிடுங்கும் அப்பா

கேள்வி: சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள அப்பாவுக்கு மூச்சுத்திணறல் முற்றி, பைபேப் மாஸ்க் போட்டிருக்கிறார்கள். பிடுங்கி எறியப் பார்க்கிறார். ஆக்சிஜன் மட்டும் போதாதா, டாக்டர்?

பதில்: போதாதம்மா. கரியமில வாயு வெளியேறாமல் தேங்கி, ரத்தத்தில் அமிலம் கூடுவதுதான் இங்கே ஆபத்து. ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் அந்த வாயு இன்னும் ஏறலாம். அதனால்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை 88–92 சதவீதத்தில் நிறுத்துகிறோம். பைபேப், மூச்சை இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டும், விடும்போது குறைக்கும். களைத்துப்போன மார்புத் தசைகளுக்கு ஓய்வு. தொண்டையில் குழாய் இறக்கும் நிலை பலருக்கு இதனால் தவிர்ந்திருக்கிறது.

முகத்தை மூடினால் யாருக்கும் பயம் வரும். பட்டையை இறுக்கும் முன், நர்ஸ் உதவியோடு மாஸ்க்கை அவர் கையாலேயே சிறிது நேரம் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மூக்குத்தண்டு சிவந்தால் சொல்லுங்கள். வாந்தி வந்தாலோ, தூக்கக் கலக்கம் கூடினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.