பொம்மை வணிகக் கண்காட்சியில் நாங்கள் தேடியது

– பத்தாம் வகுப்பு மாணவி

பொம்மையைக் கண்டு மகிழாத குழந்தை உண்டோ? ஆனால் அந்த மகிழ்ச்சி எத்தனை நாள் நீடிக்கிறது என்று கேட்டால், தாய்மார்கள் பெருமூச்சு விடுவார்கள். திருவிழாவில் வாங்கிய கார் மறுநாள் சக்கரம் இழக்கிறது. பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மை, மூன்றாம் நாள் பாடினாலும் கேட்பார் இல்லை. சில பொம்மைகள் மட்டும் பாட்டி காலத்திலிருந்து பேத்தி காலம் வரை அலுப்பதே இல்லை. இந்த வேறுபாடு எதனால் உண்டாகிறது? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடைகளில் நாம் காணும் பொம்மைகளைக் கடைக்காரர்கள் தேர்ந்தெடுப்பதற்கென்றே வணிகக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. இவற்றுள் புகழ் வாய்ந்தது, ஜெர்மனியிலுள்ள நூரம்பெர்க் நகரில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய கண்காட்சி. ஹங்கேரி நாட்டில் வடிவமைப்பு கற்பித்த எர்னோ ரூபிக் என்ற ஆசிரியர் 1974இல் ஒரு வண்ணக் கனசதுரம் செய்தார். தாம் செய்த புதிரைத் தாமே விடுவிக்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்றாம்! 1979இல் டிபோர் லாட்சி என்பவர் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நூரம்பெர்க் கண்காட்சியில் சுற்றி வந்தார். டாம் கிரெமர் என்ற பொம்மை வல்லுநரின் கண்ணில் அது பட்டது. மறு ஆண்டே ரூபிக் கனசதுரம் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. அதில் பாட்டரி இல்லை, விளக்கு இல்லை, ஓசை இல்லை. கைக்கும் மூளைக்கும் வேலை மட்டும் உண்டு.

இவ்வளவும் நூலகத்தில் படித்து அறிந்தோம். நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எழுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற பள்ளி விழாவில் எங்கள் வகுப்பு நடத்திய பலகாரச் சாவடியில் செலவு போக 3,400 ரூபாய் மிஞ்சியது. அதைக் கொண்டு நம் பாலர் வகுப்புக் குழந்தைகள் 32 பேருக்கும் விளையாட்டுப் பொருள்கள் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டோம். அவர்களுள் ஒரு சிறுமிக்குக் கண் பார்வை இல்லை. அவளும் மற்றவர்களோடு சேர்ந்து விளையாட வேண்டும். அவளுக்கென்று தனியாக ஒன்று வாங்கி மூலையில் உட்கார வைக்கக் கூடாது என்று கைத்தொழில் சகோதரி முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே 'புதுமையான வடிவமைப்பு' என்பது எங்களுக்கு வெறும் கட்டுரைத் தலைப்பாக இருக்கவில்லை.

சென்னையில் நடைபெற்ற ஒரு பொம்மை வணிகக் கண்காட்சிக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்று, ஆறு மாணவியர் சகோதரியுடன் ரயிலில் சென்றோம். அங்கே சில்லறை விற்பனை குறைவு. "எத்தனை கார்ட்டன் வேணும் சிஸ்டர்?" என்பதுதான் எல்லாக் கூடங்களிலும் எங்களை வரவேற்ற முதற் கேள்வி. நாங்கள் எண்ணிக்கையைச் சொன்னதும் பலருடைய முகமலர்ச்சி சற்றே குறைந்தது. எனினும் யாரும் எங்களை விரட்டவில்லை என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் கண்கள் கூசின. ஓடும் நாய்கள், சுழலும் விளக்குகள், ஆங்கிலத்தில் எண் சொல்லும் பலகைகள், ஆளுயரக் கரடிகள்! இரண்டாவது மணி நேரத்தில் ஐயம் பிறந்தது. ஒரே கார் ஏழு கூடங்களில் இருந்தது. நிறம் வேறு, பெட்டி வேறு, பெயரும் வேறு. கூரையின் மேலிருந்த சிறு வடு முதற்கொண்டு கார் மட்டும் ஒன்றே. இது ஏன் என்று ஒரு வயதான வியாபாரியைக் கேட்டோம். அவர் ஒளிக்காமல் விளக்கினார்.

"ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு இரும்பு மோல்டு செய்யணும்மா. அதுக்கே லட்சக்கணக்கில் ஆகும். புதுசா ஒண்ணு செஞ்சு, அது போகலேன்னா முதல் முங்கிப் போச்சு. போன வருஷம் ஓடினதையே நிறம் மாத்தி ஓட்டினா பயமில்லை" என்றார்.

படைப்புத் திறன் குறைவதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று, அச்சமும் ஒரு காரணம் என்பது எங்களுக்குப் புதிய பாடம். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, புதிய வடிவத்தைப் பதிவு செய்தவருக்குப் பத்து ஆண்டுகளும், புதுப்பித்தால் மேலும் ஐந்து ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. அப்படியிருந்தும் துணிபவர் சிலரே போலும்.

பெண் குழந்தைகளுக்கென்று ஒரு வரிசை முழுவதும் இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. அடுப்பு, துடைப்பம், முகம் பார்க்கும் கண்ணாடி. இதைப் பற்றி எங்களுக்குள் கடும் விவாதம் நடந்தது; அதை விரித்தால் இம்மலரில் இடம் போதாது.

இனி, நாங்கள் நெடுநேரம் நின்ற இடங்களுக்கு வருவோம்.

முதலாவது, தஞ்சாவூர்ப் பொம்மைகள் வைத்திருந்த கூடம். எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணிப் பொம்மையை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அதன் அடிப்பகுதியை எத்தனை பேர் தடவிப் பார்த்திருக்கிறோம்? அது உருண்டையாக இருக்கும். பாரம் முழுவதும் அங்கேதான். நாம் பொம்மையைச் சாய்க்கும்போது அதன் ஈர்ப்பு மையம் சற்று மேலே தூக்கப்படுகிறது. கையை எடுத்ததும் அது மீண்டும் தாழ்ந்த நிலையை நாடுகிறது. அதனால் பொம்மை நிமிர்கிறது. இதே பாடத்தை இயற்பியல் வகுப்பில் படத்துடன் எழுதியிருக்கிறோம். கையால் சாய்த்துப் பார்த்தபோதுதான் விளங்கியது என்று எங்களுள் ஒருத்தி சொல்ல, சகோதரி சிரித்துக்கொண்டார். ஒரு சிறிய மண் உருண்டைக்குள் இத்தனை அறிவைப் பொதிந்து வைத்தவர் எந்தக் கல்லூரியில் படித்தாரோ!

இரண்டாவது, சென்னபட்டணத்து மரப் பொம்மைகள். இவ்வூர் பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குள்ள கைவினைஞர்கள் பெரும்பாலும் வெட்பாலை மரத்தையே பயன்படுத்துகிறார்கள். அது வெண்மையானது, கடைவதற்கு மென்மையானது. கூடத்திலேயே ஒரு சிறு கடைசல் இயந்திரம் வைத்து ஒருவர் செய்து காட்டினார். சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார். உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்க்கிறார். அவ்வளவுதான், கண்ணாடி போல் பளபளக்கிறது! தூரிகையும் இல்லை, உலர வைக்கும் நேரமும் இல்லை. கூர் முனை எங்கும் கிடையாது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கிருந்த வளைய அடுக்கைத் தடவிப் பார்த்தோம். பெரியது, அதைவிடச் சிறியது, அதைவிடச் சிறியது என்று விரல்களே வரிசைப்படுத்தின. பாலர் வகுப்புச் சிறுமியை அப்போது எல்லோருமே நினைத்துக்கொண்டோம். ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மூன்றாவது, ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள். இவ்வகையில் முன்னோடியான லெகோ நிறுவனத்தைத் தொடங்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஒலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர். கட்டையின் மேலே குமிழ், உள்ளே குழல் என்ற இன்றைய அமைப்புக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. அந்த ஆண்டுக் கட்டை இன்றைய கட்டையுடனும் பொருந்துகிறது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாகப் பொருத்தலாம். மூன்று என்றால் 1,060 விதம். ஆறு என்றால் 91 கோடிக்கும் மேல்! எங்கள் கணித ஆசிரியையிடம் சொன்னபோது அவர் நம்ப மறுத்து, கரும்பலகை அருகே போனார்.

இந்தக் கட்டையில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. பார்வையற்றோர் படிக்கும் பிரெயில் எழுத்து, இரண்டு வரிசையில் மும்மூன்றாக அமையும் ஆறு புள்ளிகளால் ஆனது. கட்டையின் குமிழ்களையே அந்தப் புள்ளிகளாக்கி, எழுத்துக் கட்டைகளை 2020இல் லெகோ வெளியிட்டது. முதலில் பள்ளிகளுக்கு இலவசமாக அளிக்கப்பட்ட இவை 2023 முதல் விற்பனைக்கும் வந்தன. கட்டையின்மேல் அதே எழுத்து அச்சிலும் இருப்பதால், பார்வையுள்ள குழந்தையும் இல்லாத குழந்தையும் ஒரே பெட்டியை வைத்து விளையாடலாம். புதிதாக ஒன்றையும் சேர்க்காமல், ஏற்கெனவே இருந்த குமிழைப் புதிய கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இந்த எழுத்து முறையை 1824இல் லூயி பிரெயில் உருவாக்கியபோது அவருக்கு வயது பதினைந்து, எங்கள் வயதுதான்! ஆனால் இக்கட்டைகள் அக்கண்காட்சியில் இல்லை. இருந்திருந்தாலும் எங்கள் 3,400 ரூபாய்க்கு எட்டியிருக்குமா என்பது வேறு.

பாதுகாப்பையும் கவனித்தோம். 1-1-2021 முதல் நம் நாட்டில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞரின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்டோரின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை பயன்படுகிறது. அதற்குள் முழுவதும் அடங்கும் துண்டு எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கக் கூடியது. தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பொம்மைகளையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

திரும்பி வரும் ரயிலில் நீண்ட ஆலோசனை. பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் தானே செய்யும் பொம்மை, குழந்தையைப் பார்வையாளராக்கி விடுகிறது என்று ஒருத்தி சொன்னாள். கண்ணும் மூக்கும் தெளிவாக இல்லாத மரப்பாச்சிக்குக் குழந்தையே புடவை கட்டி, குழந்தையே அழுது, குழந்தையே பேச வேண்டியிருக்கிறதே என்றாள் மற்றொருத்தி. கிராமத்திலிருந்து வரும் எங்கள் தோழி, "நுங்கு தின்ற கோந்தையிலே வண்டி செய்வோமே, அதுக்கு எந்தக் கண்காட்சியிலே கூடம் போடுவாங்க?" என்று கேட்டாள். சகோதரி அப்போது அரவிந்த் குப்தா என்ற பொறியாளரைப் பற்றிச் சொன்னார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அவர், தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். குப்பையிலிருந்து பொம்மை செய்த அப்பணிக்காக 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆகவே பாதியை வாங்குவது, பாதியைச் செய்வது என்று முடிவாயிற்று. சென்னபட்டணத்துக் கூடத்தில் முன்பே 350 ரூபாய் வீதம் மூன்று வளைய அடுக்குகளும், 25 ரூபாய் வீதம் 32 கைப் பம்பரங்களும் வாங்கியிருந்தோம். மீதிக்குத் 'தொடு டோமினோ' செய்யத் திட்டமிட்டோம். டோமினோ என்பது ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு பாதிகள் கொண்ட ஆட்டம். ஒத்த பாதிகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். புள்ளிகளுக்குப் பதில் நாங்கள் தொட்டு அறியும் பரப்புகளை எடுத்துக்கொண்டோம். வெல்வெட், சாக்கு, உப்புத்தாள், கோரைப்பாய், நெளி அட்டை, பூத்துவாலை, ஒன்றும் ஒட்டாத வெறும் மரம் என்று ஏழு. ஏழில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 21 இணைகள். ஒரே வகை இரு பக்கமும் வருவது 7. ஆக 28 கட்டைகள். கடையில் விற்கும் டோமினோவிலும் சரியாக 28தான் என்று கண்டபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளிக்கு அருகிலுள்ள தச்சர் அண்ணன் துண்டு மரங்களிலிருந்து 56 கட்டைகள் அறுத்து, முனை மழுக்கிக் கொடுத்து, கூலியாக 400 ரூபாய் மட்டும் பெற்றுக்கொண்டார். பசைக்கும் உப்புத்தாளுக்கும் 190 ரூபாய். துணிகள் தையல் வகுப்பின் வெட்டுத் துண்டுகள். வெல்வெட்டும் பூத்துவாலையும் விரலுக்கு ஒன்றுபோல் இருப்பதாகச் சிறுமி கூறியதால், வெல்வெட்டை எடுத்துவிட்டுக் கயிறு ஒட்டினோம். அவள் இப்போது பெரும்பாலும் வெல்கிறாள். பார்வையுள்ள பிள்ளைகள் தாங்களும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஆடுவோம் என்று அடம் பிடிக்கிறார்கள்.

பம்பரத்தில் அவள் செய்ததுதான் எங்களுக்குத் தோன்றாதது. சாப்பாட்டு எவர்சில்வர் தட்டில் பம்பரத்தைச் சுழற்றி, அது எழுப்பும் ரீங்காரத்தைக் கேட்டு, எப்போது சாயப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். இப்போது நண்பகல் உணவு முடிந்ததும் பாலர் வகுப்பிலிருந்து வரும் ஓசை அதுவே. பக்கத்து வகுப்பு ஆசிரியை மட்டும் சற்று வருந்துகிறார்.

கணக்குப்படி 960 ரூபாய் மீதமிருக்கிறது. மூன்றாவது டோமினோத் தொகுதி வேண்டும் என்று எங்களில் பாதிப் பேர் சொல்கிறோம். பார்வையற்றோர் ஆடும் கிரிக்கெட்டில் பந்துக்குள் உலோகக் குண்டுகள் ஒலிக்குமாமே, அதுபோல் உள்ளே சலங்கை வைத்துத் தைத்த துணிப் பந்துகள் வேண்டும் என்று மற்றப் பாதி. தையல் ஆசிரியை பந்தின் பக்கம் சாய்ந்திருப்பதாகக் கேள்வி.